ஆள் இருக்கிற மாதிரி

சாவியைத் துவாரத்தில் நுழைக்கும்போதே அவளுடைய கால் செருப்பைக் கழற்றிவிடும். கதவு திறந்ததும் கண் எதையும் தேடாது. கை தானாகச் சுவரில் ஊர்ந்து சுவிட்சைத் தட்டும். கூடத்தில் வெளிச்சம் வரும். அங்கே நாற்காலி இல்லை, பாய் இல்லை, சுவரில் ஒரு படமில்லை. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. திரைச்சீலைக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு ஒளி, அவ்வளவுதான். அடுத்த வீட்டில் கூடத்தை விட்டுவிட்டுச் சமையலறையில் மட்டும் விளக்கைப் போடுவாள். அதற்கடுத்த வீட்டின் பால்கனிக் கயிற்றில் ஒரு சட்டையையும் துண்டையும் நனைத்துப் பிழிந்து உலர்த்துவாள். அந்தச் சட்டை யாருடையதும் அல்ல. வாரத்துக்கு ஒரு மாடியாக அது குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாங்கிப் போட்டவர்கள் வேறு ஊர்களில் இருந்துகொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள். இருண்டு கிடக்கும் கட்டடத்தில் மிச்ச வீடுகள் போணியாகாது என்பதால் மேனேஜர் இப்படி ஒரு வேலையை உண்டாக்கினார். வேலையை விளக்க அவருக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: “ஆள் இருக்கிற மாதிரி இருக்கணும்.” பொழுது சாயும்போது விளக்குகளைப் போட்டு, படிக்கட்டுகளைப் பெருக்கித் துடைத்து, பிறகு ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போகிறாள். வாசல் வாட்ச்மேன் அவளை லைட்டக்கா என்று கூப்பிடுகிறார். அவர் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர்.

அணைப்பதில் அவள் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறாள். நாலாவது மாடியில் கைக்குழந்தை, சீக்கிரம் படுத்துவிடுவார்கள்; மூன்றாவது மாடியில் பரீட்சைக்குப் படிக்கிற பெண், அந்த விளக்கு கடைசியாகத்தான் அணைய வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொல்வாள். இதையெல்லாம் அவளிடம் யாரும் கேட்கவில்லை. இல்லாதவர்களுக்கும் ஒரு வழக்கம் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், ஒரு வீட்டில் மனிதர் இருக்கிறார் என்பதற்கு நாம் கேட்கும் சாட்சி மிகவும் சொற்பம். ஒரு விளக்கு, ஒரு ஈரத்துணி. அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை.

ஒன்றில் மட்டும் பிடிவாதம். அந்த வீடுகளில் அவள் உட்கார மாட்டாள். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தாலும் சுவரில் சாய்ந்து நிற்பாள். “உக்காந்துட்டா எழுந்திருக்க மனசு வராது” என்பாள்.

அவள் இருப்பது கடைத்தெருவுக்குப் பின்னால், வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய அறைகளில் ஒன்று. கணவன் பஞ்சர் கடையில் வேலை செய்கிறான். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. அங்கே ஒரே பல்பு. தண்ணீர் மொள்ளப் போகிறவர்கூட அதை அணைத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். உள்ளே இருப்பவர் இருட்டில் காத்திருப்பார். கரண்டு மிச்சம் பிடிக்க அந்த வரிசையில் எல்லா அறைகளிலும் இதுதான் சட்டம். கை அப்படியே பழகிவிட்டது.

பெரிய நகரங்களிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள் இந்த ஊரில் எல்லாம் சல்லிசு என்கிறார்கள். கட்டடத்து வாசல் பலகையிலும் அதையே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். “சல்லிசு சல்லிசுன்னு சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் யானை விலை ஆக்கிட்டாங்க, லைட்டக்கா” என்பது வாட்ச்மேனின் கட்சி. அறை வாடகையும் அப்படித்தான் ஏறியது. முதல் ஏற்றத்தில் பக்கத்து அறைக் காஜாப் பெரியம்மா காலி செய்தாள். தையல் கடைகளுக்குச் சட்டைப் பொத்தான் துளைகளை ஓரம் தைத்துக் கொடுப்பவள். மகனிடம் போவதாகச் சொன்னாள். மகன் எங்கே இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலையும் கேட்க வேண்டியிருக்கும். இப்போது இரண்டாவது ஏற்றம் வந்திருந்தது. விளக்குப் போடும் சம்பளம் தவறாமல் வந்தால் சமாளிக்கலாம்; வராவிட்டால் அவர்களும் காலி செய்ய வேண்டியதுதான். “அத்தனை வீடு சும்மா கிடக்கு. ஒண்ணுல நாம போய் இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?” என்று கணவன் ஒருநாள் கேட்டான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் ஆறாவது மாடிக் கோடி வீட்டு விளக்கு தானாக அணையத் தொடங்கியது.

முதல் நாள், பல்பு போய்விட்டது என்று நினைத்து மறுபடி மேலே ஏறினாள். பல்பு நன்றாகத்தான் இருந்தது. சுவிட்ச்தான் மேலே தள்ளி அணைக்கப்பட்டிருந்தது. தான்தான் மறந்திருப்போம் என்று மறுபடி போட்டுவிட்டு இறங்கினாள். கேட்டருகே வந்து அண்ணாந்து பார்த்தால் ஜன்னல் கறுப்பாக இருந்தது. மறுநாளும் அப்படியே. போட்டதும் அணைவதில்லை; அவள் கதவைப் பூட்டி, படியிறங்கி, ஒரு மாடி துடைக்கிற நேரம் விட்டு அணைந்தது. அவளுடைய காலடி ஓசை தேயும்வரை ஏதோ ஒன்று காத்திருப்பதுபோல.

“பேயா இருந்தாலும் சிக்கனமான பேய்தான்” என்றார் வாட்ச்மேன். அவளுக்குப் பேயைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. இத்தனை நாள் இல்லாதவர்களுக்காக விளக்குப் போட்டவளுக்கு, அவர்களில் யாரோ வந்துசேர்ந்துவிட்டார்களோ என்றுதான் பயமாக இருந்தது.

அதற்குள் மேனேஜர் போன் செய்தார். ஆறாவது மாடி வீட்டுக்காரருடைய மச்சினன் அந்தப் பக்கம் காரில் போயிருக்கிறான், ஜன்னல் இருட்டாக இருந்ததைப் பார்த்திருக்கிறான். காசு வாங்கிக்கொண்டு விளக்குப் போடாமல் ஏமாற்றுகிறாளா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தானே ஆளோடு வந்து வீட்டைத் திறந்து பார்த்துப் பூட்டை மாற்றப்போவதாகவும், இன்னொரு நாள் இருட்டாகத் தெரிந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

சனிக்கிழமை அவள் மற்ற வீடுகளை விட்டுவிட்டு நேரே ஆறாவது மாடிக்கு ஏறினாள். விளக்கைப் போட்டாள். கூடத்தின் நடுவில் அசையாமல் நின்றாள். உள்ளறைக் கதவு எப்போதும்போலச் சாத்தியிருந்தது. எதுவோ குறைகிறது என்று காது சொல்லிக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் இல்லை. மாதக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் அது.

போய்ப் பார்த்தாள். குழாய் இப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அதன் மூக்கில் ஒரு நூல் கட்டியிருந்தது. துளி கீழே விழாமல் நூல் வழியாகச் சத்தமின்றி இறங்கி, தொட்டியிலிருந்த டப்பாவில் சேர்ந்துகொண்டிருந்தது. தடித்த, மெழுகு தடவிய நூல். அவளுடைய ரவிக்கைக் கொக்கிகளையும் காஜாப் பெரியம்மா அதே நூலில்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

அவள் காய்ச்சல் கண்டு படுத்திருந்தபோது மேனேஜருக்குத் தெரியாமல் அவளுக்குப் பதிலாக விளக்குப் போட்டவள் காஜாப் பெரியம்மாதான். சாவிக்கொத்து அந்த வாரம் முழுக்கப் பெரியம்மாவிடம் இருந்தது. ஒரு சாவிக்கு இன்னொரு சாவி செய்ய எத்தனை நேரம் ஆகும்? பூட்டைத் திறந்து உள்ளே வந்தவளுக்குச் சத்தம் போடாமல் இருக்கத் தெரிந்தது, இருமலை விழுங்கத் தெரிந்தது, வெளியே தெரியாமல் துணி உலர்த்தத் தெரிந்தது. ஆளில்லாத கூடத்தில் ஒரு விளக்கு சும்மா எரிவதை மட்டும் பொறுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

சாத்திய கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். கைப்பிடியைத் தொடவில்லை.

“பெரியம்மா” என்றாள். “லைட்டை அணைக்காதீங்க. எரியட்டும்.”

உள்ளே எதுவும் அசையவில்லை. அந்த நிசப்தம் காலி அறையின் நிசப்தமாக இல்லை. மூச்சை அடக்கிக்கொண்ட நிசப்தமாக இருந்தது. பிறகு கதவின் மறுபுறம், மிகவும் தாழ்வாக, தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது.

“வீணா எரியுதேம்மா.”

“வீணா எரியறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்” என்றாள். சொன்ன பிறகு அது தன் காதுக்கே விகாரமாகக் கேட்டது. “நாளைக்குப் பூட்டு மாத்த வர்றாங்க. மேனேஜரே வர்றாரு.”

எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். ஒற்றை அறை, மூன்று பேர், ஏறிய வாடகை, எல்லாம் வரிசையாக முன்னால் வந்து நின்றன. சொல்லாமலே திரும்பினாள். அன்று அந்த விளக்கு, அவள் வந்து அணைக்கும்வரை எரிந்தது.

மறுநாள் மேனேஜர் வந்தார், உள்ளறையைத் திறந்தார், ஒன்றுமில்லை என்று பூட்டை மாற்றிவிட்டுப் போனார். திங்கட்கிழமை புதுச் சாவியோடு அவள் உள்ளே போனபோது அறை பெருக்கி, தரை துடைத்து, மூலைகூடச் சுத்தமாக இருந்தது. குழாய் பழையபடி சொட்டிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டுவிட்டுக் கீழே வந்து அண்ணாந்து நின்றாள். படிக்கட்டு துடைக்கக்கூடப் போகவில்லை. ஒருமுறை அணைந்துவிடாதா என்றிருந்தது. அது எரிந்துகொண்டே இருந்தது. “பேய் காலி பண்ணிடுச்சு போல” என்றார் வாட்ச்மேன். “பேய்க்கும் வாடகை கட்டுபடியாகல.” மேனேஜர் போனில் இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றார்.

அவள் படியேறினாள். நாலாவது மாடியில், கைக்குழந்தை இருப்பதாக அவள் வைத்திருந்த வீட்டுக்கு முன்னால் நின்று சாவியை எடுத்தாள். நுழைக்கவில்லை. விரல் முட்டியால் கதவை மெதுவாகத் தட்டிவிட்டு, உள்ளே ஒருவர் எழுந்து ஒதுங்கிக்கொள்ள ஆகும் நேரம் அப்படியே காத்து நின்றாள்.