யாருக்கு இடது?

அந்தச் சந்தில் பம்பு மோட்டார் பழுது பார்க்கிறவரிடம் வழி கேட்டால் லேசில் கிடைக்காது. "ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டவரின் தோளைப் பிடித்துத் திருப்பி, தானும் பக்கத்தில் அதே திசை பார்த்து நின்றுகொண்டு, அதற்கப்புறம்தான் கையை நீட்டுவார். "அதோ அந்த மஞ்சச் சுவர் இருக்கு பாருங்க, அந்தப் பக்கம் திரும்புங்க" என்பார். இடது, வலது என்ற பேச்சே கிடையாது. வாடிக்கையாளர் யாராவது வாய் தவறி, "இடது பக்க ஸ்குரூ லூசா இருக்கு" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்.

"யாருக்கு இடது?"

வந்தவர் முழிப்பார்.

"உங்களுக்கா, எனக்கா, பம்புக்கா?"

சந்தில் பாதிப் பேர் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியாயிற்று. மீதிப் பேர் வேலை சுத்தமாக இருப்பதால் பொறுத்துப் போகிறார்கள். அவருக்கு மறையெல்லாம் கெட்டியாகத்தான் இருக்கிறது. கேட்டிருக்க வேண்டிய நாளில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். இன்றைக்கு அதை யாரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

பம்புக்கு வருமுன் இருபத்தேழு வருஷம் அவர் விமான மெக்கானிக். பெரிய விமான நிலையம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, காற்று வீசும் பக்கம் காட்ட ஒரு துணிக்குழாய், போன் இருக்கிற ஒரு ஆபீஸ் அறை. விமானங்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் ஆறு பேர் உட்காரலாம், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின். தபால் மூட்டை, மருந்துப் பெட்டி, எப்போதாவது ஒரு நோயாளி, இவ்வளவுதான் சுமை.

அங்கே அவருக்குப் பெயர் காதுக்காரர். இன்ஜினை ஓடவிட்டு, விமானத்தின் மூக்குக்கு எதிரே முப்பது அடி தள்ளி நின்று கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது சிலிண்டர் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். "இன்ஜின் முனகினா முப்பது அடியில கேக்குது, நான் கத்துறது அடுத்த ரூம்ல கேக்க மாட்டேங்குது" என்று அவர் மனைவி சொல்லாத நாள் கிடையாது.

கொட்டகையில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. இடது, வலது என்று யாரும் சொல்லக் கூடாது. காரணம் இருந்தது. பைலட் முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கிறார், மெக்கானிக் அவருக்கு எதிர்முகமாக நின்று வேலை செய்கிறார். ஒருவருக்கு இடது இன்னொருவருக்கு வலது. ஒரு தடவை இந்தக் குழப்பத்தில் நன்றாக ஓடிய இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, கெட்டதை மூடியபடியே அனுப்பப் பார்த்தார்கள். அன்றைக்கே அவர் சிவப்புப் பெயின்ட்டை எடுத்து, பைலட்டின் இடக்கைப் பக்கத்து இன்ஜின் மூடியில் 1 என்றும், வலக்கைப் பக்கத்தில் 2 என்றும் எழுதினார். சுவரிலும் எழுதினார்: 'இங்கே இடதும் கிடையாது, வலதும் கிடையாது.' மீறிச் சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டு மடங்கு பத்திரம் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றுமாம். காப்பாற்றும், உயரத்தில் இருந்தால், நிதானம் இருந்தால். தரையை விட்டு எழும்பிய அரை நிமிஷத்தில் ஒன்று நின்றுவிட்டால், ஓடுகிற இன்ஜினே விமானத்தைச் செத்த பக்கமாகத் தள்ளித் திருப்பும். பைலட் எதிர்ப்பக்கத்துக் காலால் மிதித்து நேராக்க வேண்டும். எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்கத்து இன்ஜின்தான் செத்தது என்று பாடத்தில் சொல்லித் தருவார்கள். செத்ததை முழுசாக அணைத்து, அதன் விசிறி காற்றை மறிக்காதபடி திருப்பிவிட வேண்டும். எல்லாம் நாலைந்து விநாடிக்குள். அதில் ஆளை மாற்றி நல்ல இன்ஜினை அணைத்துவிட்டால் அப்புறம் பேச ஒன்றுமில்லை.

அன்று மதியம் மருந்துப் பெட்டிகளோடு கிளம்ப வேண்டியவர் ஒரு இளம் பைலட். காதுக்காரரை அண்ணே என்பார், அவர் இவரைத் தம்பி என்பார். இன்ஜின்களை ஓட்டிச் சோதித்தார்கள். எல்லா மீட்டர் முள்ளும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. காதுக்காரர் மட்டும் கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார். இரண்டாம் நம்பரில் ஒரு சின்னத் தடுக்கல். பேசிக்கொண்டே இருப்பவர் நடுவில் எச்சில் விழுங்குகிற மாதிரி.

பைலட் இன்ஜின்களை நிறுத்திவிட்டு இறங்கி, அவர் நின்ற இடத்துக்கே வந்தார். "என்ன அண்ணே, முகம் சரியில்லை? முள்ளெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"முள்ளுக்கு என்ன தெரியும்?"

"அப்போ நிறுத்திடுவோமா?"

விமானத்தை நிறுத்தி வைக்கத் தாளில் காரணம் எழுத வேண்டும். 'காதில் பட்டது' என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அந்தப் பக்கம் மருந்துக்காக ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறார்கள், மேற்கே மேகம் வேறு கட்டுகிறது. "வேண்டாம், போயிட்டு வாங்க. வந்ததும் திறந்து பாக்கறேன்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பைலட்டுக்குப் பைலட் பாஷையில் சொல்வோமே என்று ஒரு மரியாதை தோன்றித் தொலைத்தது. இரண்டாம் நம்பரை நிமிர்ந்து பார்த்தார். அது தன் இடது கைப்பக்கம் இருந்தது.

"இடது பக்க இன்ஜின்ல ஒரு தடுக்கல் கேக்குது தம்பி. ஏறும்போது அது மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க."

பைலட் சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு சிரித்தார். "அண்ணே, இடதுன்னு சொல்லிட்டீங்க! எல்லாருக்கும் டீ!"

"வந்து குடிங்க" என்று இவரும் சிரித்தார்.

கொட்டகை வாசலில் நின்றுதான் பார்த்தார். விமானம் எழும்பி, ஓடுபாதையின் கடைசியைத் தாண்டி, செங்கல் சூளைக்கு மேலே போகும்போது இரண்டாம் நம்பரின் சத்தம் அறுந்தது. பயப்படவில்லை. ஒன்று இருக்கிறதே, தம்பி சமாளிப்பார் என்று நினைத்தார். அடுத்த மூச்சில் மற்றதும் நின்றது. சூளைக்குப் பின்னால் புகை எழும்பும் வரை அவர் காதில் ஒன்றுமே விழவில்லை.

நாலாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். அதட்டாத, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிற மனிதர். அள்ளிக்கொண்டு வந்ததையெல்லாம் கொட்டகைத் தரையில் பரப்பியிருந்தார்கள். இரண்டாம் நம்பரில் ஒரு வால்வு முறிந்து கிடந்தது. ஒன்றாம் நம்பரில் ஒரு குறையும் இல்லை. அதன் விசிறி மட்டும் காற்றுக்கு விளிம்பு காட்டித் திரும்பியிருந்தது. பைலட் தன் கையால் அணைத்தால்தான் அப்படித் திரும்பும்.

முறிந்த வால்வைப் பார்த்ததும் காதுக்காரருக்கு முதலில் வந்தது பெருமை. ஆள் செத்த விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு பெருமைப்படுவதா என்று யாரும் திட்டலாம், அவரே பின்னால் எத்தனையோ தடவை திட்டிக்கொண்டார். தன் காது தப்பவில்லை என்ற சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அன்னைக்கே கேட்டுச்சு சார். கிளம்புறதுக்கு முன்னாடியே தம்பிகிட்ட சொன்னேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "எந்த இன்ஜின்னு சொன்னீங்க?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. எதிர்ச் சுவரில் அவர் கையெழுத்தும் இருந்தது. 'எல்லாருக்கும் டீ' என்ற சிரிப்பு காதுக்குள் கேட்டது. அப்போதுதான் புரிந்தது.

"ரெண்டாம் நம்பர்னு சொன்னேன் சார்."

இடது, வலது பேசாத கொட்டகையில் வேறெப்படிச் சொல்லியிருப்பார் என்று அதிகாரி நம்பி எழுதிக்கொண்டார். இவர் கையெழுத்துப் போட்டார். நான் நினைத்தது இரண்டாம் நம்பரைத்தானே என்று வழியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். பொய் பொய்தான்.

அறிக்கை வந்தது. 'இரண்டாம் இன்ஜின் பற்றி மெக்கானிக் முன்கூட்டியே எச்சரித்தும், பைலட் பதற்றத்தில் நல்ல நிலையில் இருந்த ஒன்றாம் இன்ஜினை அணைத்ததே விபத்துக்குக் காரணம்.' ஊர் அதைத் தன் பாஷையில் சுருக்கிக்கொண்டது: சொல்லியும் கேக்காம செத்தான். பைலட்டின் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகிறதாம். இதைக் காதுக்காரரின் மனைவிதான் வந்து சொன்னார். "பாவங்க அந்தப் பொண்ணு. நீங்களாவது ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரக் கூடாதா?" அவர் சோற்றை அளைந்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

எட்டு மாதம் கழித்து அந்த டீச்சரே கொட்டகைக்கு வந்தார். கையில் ஒரு கவர். விசாரணை முடிந்து திருப்பிக் கொடுத்த சாமான்கள்: கைக்கடிகாரம், சாவி, விளிம்பு கருகிய குட்டி நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். 'இடது. தடுக்கல். அண்ணன் காது.' அதன் கீழே இரண்டு கோடு.

"சாமான்களோட சேர்த்துத் திருப்பிட்டாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு யாரும் பாத்த மாதிரி தெரியல" என்றார். குரல் தணிந்தது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் அண்ணே. அவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். தெரிஞ்சா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல, நானும் மறைச்சேன். நீங்க ரெண்டுன்னு சொன்னது அவருக்கு வேற மாதிரி காதுல விழுந்திருக்குமோ? அப்படின்னா அதுக்கு நானும்தானே காரணம்?"

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். தப்பிக்கும் வழியை அந்தப் பெண்ணே கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். காதுக்காரர் நோட்டில் இருந்த இரண்டு கோட்டைப் பார்த்தார். அழுத்திப் போட்ட கோடு. இவர் காதின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"இங்க வாங்கம்மா" என்றார்.

வெளியே வேறொரு விமானம் நின்றிருந்தது. அதன் மூக்குக்கு எதிரே முப்பது அடி தள்ளி அவரைக் கூட்டிப் போய் நிறுத்தினார். "அன்னைக்கு இந்த இடத்துல நின்னுதான் சொன்னேன். உங்க இடது கையை நீட்டுங்க."

டீச்சர் நீட்டினார். விரல் போய் நின்ற இன்ஜின் மூடியில் சிவப்பாக 2 என்று இருந்தது.

"நான் ரெண்டுன்னு சொல்லலம்மா. இடதுன்னு சொன்னேன். அது என்னோட இடது. அவர் அங்க உள்ள உக்காந்து அவரோட இடதை அணைச்சாரு. ஆபீசர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

நீட்டிய கை கீழே இறங்கவே இல்லை. டீச்சர் அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவர் காதுல சரியாத்தான் விழுந்திருக்கு."

"சரியாத்தான் விழுந்துச்சு. நான் சொன்னபடியேதான் செஞ்சாரு."

இதைக் கேட்டால் கத்துவார், அடிப்பார் என்றுகூடக் காதுக்காரர் நினைத்திருந்தார். டீச்சர் நோட்டை அவர் கையில் வைத்தார். "இதை நீங்களே அந்த ஆபீசர்கிட்ட கொடுத்துடுங்க" என்றார். ஆபீஸ் அறைப் போனை நோக்கிக் காதுக்காரர் நாலடி எடுத்து வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. அவரிடம் பேசுகிற குரலாகவே இல்லை.

"எட்டு மாசம். தினமும் போட்டோ முன்னாடி நின்னு அவரைத் திட்டியிருக்கேன். அண்ணன் அவ்வளவு சொல்லியும் ஏன்டா கேக்கலைன்னு."