கொக்கு வீலும் கலைமதியின் டைனமோவும்

என் அக்கா புருஷன் சின்னராஜை ஐந்து நிமிஷம் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார வைத்துக் காட்டுங்கள், என் லோடு ஆட்டோவை உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சாப்பிடும்போதும் அந்த மனுஷனுக்குக் கால் ஆடும். சாவு வீட்டில் பாயில் உட்கார்ந்தாலும் ஆடும். பெண் பார்க்க வந்த அன்றே ஆடியது. ‘மாப்பிள்ளைக்கு ஏதாவது அவசரமா?’ என்று எங்கள் அப்பா என் காதில் கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்த அவசரம் என்னவென்று எனக்கும் தெரியவில்லை.

மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் கேஸ் சிலிண்டர் போடுகிறோம். வண்டி என்னுடையது, ஓட்டுவது நான். சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு சமையலறை வரைக்கும் போவது மாமா. போனவர் சிலிண்டரை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டுமா இல்லையா? வரமாட்டார். கண் பரண் மேல் போகும், மாட்டுக்கொட்டகை மூலைக்குப் போகும். வெளியே நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பேன். உள்ளே இவர், “ஏனுங்கம்மா, அந்தச் சாக்குக்கு அடியில இருக்கறது சைக்கிளுங்களா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பழைய சைக்கிள் பைத்தியம். அதுவும் ராலே பைத்தியம். தருமபுரி பழைய இரும்புக் கடை ஒன்றில், எடைக்குப் போகவிருந்த ஒரு ராலே ஃபிரேமை நாலு வருஷத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார். இங்கிலாந்தில் செய்தது, நம்பர்கூட அழியாமல் இருந்தது. அன்றிலிருந்து ஃபோர்க்கு எங்கே, ராடு பிரேக் எங்கே, மட்கார்டு எங்கே என்று ஒரே அலைச்சல். மற்ற சைக்கிள் நட்டு எதுவும் அதற்கு ஏறாது. “ராலேக்காரன் மரையே தனி மாப்ள” என்பார் பெருமையாக. ஏதோ அவரே உட்கார்ந்து மரை போட்டதைப் போல.

இந்தச் சைக்கிள்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறது. சேலம், ஓசூர், கிருஷ்ணகிரி ஆட்களெல்லாம் அதில் உண்டு. அவர்களுடைய சட்டம் இரண்டே இரண்டு. பொருளுக்குப் பொருள்தான், காசு பேசக் கூடாது. மாற்றிய பொருளைத் திருப்பிக் கேட்கக் கூடாது. காசு பேசிய ஒரு ஆளை அன்றைக்கே குரூப்பை விட்டுத் தூக்கினார்கள். அதனால் மாமா வீட்டுக் கொட்டகை முழுக்க மாற்றுச் சாமான்கள் கிடக்கும். மணி, பெடல், சீட்டு ஸ்பிரிங், எதற்கென்றே தெரியாத நட்டுகள்.

போன வருஷம் ஆடி முடிவதற்குள் ராலேவுக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. பெடலோடு சுற்றுகிற செயின் வீல். ராலேவுக்கு அதில் மூன்று கொக்குத் தலை வெட்டியிருக்கும். மாமா மாட்டி வைத்திருந்தது உள்ளூர் வீல். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆகவில்லை. “மொகத்துல மூக்கு மட்டும் வேற ஆளோடது மாதிரி இருக்குது” என்று புலம்புவார். சோறு இறங்காது. விடியற்காலையில் எழுந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். அக்கா என்னிடம், “டேய் மாது, உங்க மாமாவுக்கு எங்கயாவது ஒரு கொக்கு புடிச்சிக் குடுத்துடுடா, வூடு வூடா இருக்கட்டும்” என்று சிரித்தாள்.

கிடைத்தது. பாப்பாரப்பட்டியில் வெங்கடாசலம் என்று ஒருவர், லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது கொக்கு வீல். மாமா வாய் பிளந்து நின்றார். வெங்கடாசலம் கேட்டது ஒன்றுதான்.

“எங்கிட்ட எல்லாம் இருக்குதுங்க. எரியுற டைனமோ ஒண்ணு, இங்கிலாந்து சரக்கு, லைட்டோட குடுங்க. வீல எடுத்துட்டுப் போங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு துண்டில் எதையோ சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினார். பாப்பாரப்பட்டிக்கு விடச் சொன்னார். நானும் விட்டேன். அவர் உள்ளே போனார், நான் வெளியே போனை நோண்டிக்கொண்டிருந்தேன். கொக்கு வீலோடு வெளியே வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று சாயங்காலமே மாட்டி, ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்தார். நானும் கை தட்டினேன். எருமை மாதிரி நின்று கை தட்டினேன்.

இங்கே என் அக்கா கலைமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பால் சொசைட்டியில் டெஸ்டர். காலை ஐந்து மணிக்குப் பால் வந்துவிடும், அதற்கு முன்னால் அவள் அங்கே இருக்க வேண்டும். நாலரைக்குச் சைக்கிளில் கிளம்புவாள். ஏரிக்கரை மேல் இரண்டு கிலோமீட்டர், ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அவளுக்கு அந்த வேலை கிடைத்தபோது அப்பா தன் சைக்கிளிலிருந்த டைனமோவையும் லைட்டையும் கழற்றி அவள் சைக்கிளில் மாட்டிக் கொடுத்தார். மில்லர் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். அடியில் ஆணியால் ‘க’ என்று கீறி வைத்தார். அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு பதினேழு வருஷம், மழையோ பனியோ, அந்த வெளிச்சத்தில்தான் அவள் போய் வந்தாள்.

கொக்கு வீல் வந்து நாலைந்து நாள் இருக்கும். அக்கா வீட்டு வாசலில் அவள் சைக்கிளைப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் பழைய செல்போன் ஒன்றை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள்.

“என்னக்கா இது?”

“டைனமோ வைண்டிங் போயிடுச்சாம்டா. நான் அரூர்ல கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப உங்க மாமா கழட்டி, மோட்டார் கட்டுற ராஜா கடையில குடுத்திருக்காரு. இதுல வெளிச்சம் பத்தல, பள்ளமே தெரிய மாட்டேங்குது.”

எனக்குத் துண்டும் மடியும் ஞாபகம் வந்தது.

மறுநாள் பஞ்சப்பள்ளி ரோட்டில் வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் இருபது சிலிண்டர். “எங்கப்பா டைனமோவையா குடுத்தீங்க?” என்று கேட்டேன். மாமா கால் ஆடிக்கொண்டிருந்தது. “வேற ஒண்ணு கெடைச்சிடும்னு நெனச்சேன் மாப்ள. மூணே நாளு, மாட்டிடலாம்னுதான்...” என்றார். நான் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. திட்டி முடித்த பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. எப்படியாவது ஆயுத பூசைக்குள்ள கொண்டாந்துடறேன்.”

ஆயுத பூசை என்று ஏன் சொன்னார் தெரியுமா? அன்றைக்கு வீட்டில் உள்ள இரும்பு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். அருவாள், மண்வெட்டி, மிக்ஸி, என் ஆட்டோ, எல்லாவற்றுக்கும். அக்கா முதல் பொட்டை அப்பாவின் டைனமோவுக்குத்தான் வைப்பாள். அதுவும் போக, மாமாவுக்கு ஒரு கணக்கு உண்டு. இன்னொருத்தர் வீட்டில் சந்தனம் வைத்துவிட்டால் அது அந்த வீட்டுப் பொருள், அப்புறம் அவர் கேட்கமாட்டார். வாய்தா நாற்பது நாள்.

வெங்கடாசலத்திடம் ஓடினோம். கொக்கு வீலைத் திருப்பித் தருகிறேன் என்றார் மாமா. வெங்கடாசலம் தலையைச் சொறிந்தார்.

“அடடா, நேத்தே வந்திருக்கக் கூடாதுங்களா? தருமபுரி சந்திரமோகன் சார் வந்து, தோல் சீட்டு ஒண்ணு குடுத்துட்டு டைனமோவ வாங்கிட்டுப் போயிட்டாருங்களே.”

சந்திரமோகன் தருமபுரியில் காண்டிராக்டர். வீட்டுக்குப் பின்னால் ஹால் கட்டி முப்பத்திரண்டு பழைய சைக்கிளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. காபி கொடுத்தார். மில்லர் டைனமோ நடு வண்டியில் பளபளவென்று மாட்டியிருந்தது. மாமா குனிந்து அடியில் பார்த்தார். ‘க’ இருந்தது. நிமிர்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

கொக்கு வீலை நீட்டினார். சந்திரமோகனிடம் ஏற்கெனவே ஆறு இருந்தது. அடுத்த வாரம் மாமா சீட்டு, பிரேக், இரண்டு மணி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனார். அதுவும் வேண்டாம் என்றார் சந்திரமோகன். “என் சம்சாரத்தோட அப்பா குடுத்ததுங்க” என்று மாமா சொல்லிப் பார்த்தார். “எல்லாமே யாரோ ஒருத்தரோட அப்பா குடுத்ததுதானுங்களே” என்று அவர் ஹாலைக் காட்டினார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

இதற்கு நடுவில் தினமும் சாயங்காலம் அக்கா வாசலிலிருந்தே கேட்பாள்: “வந்துச்சுங்களா?”

“நாளைக்குத் தரேன்னான்” என்பார் மாமா. கால் ஆடும். தட்டில் சோறு அப்படியே இருக்கும். ஒருநாள் அக்கா ஏரிக்கரைப் பள்ளத்தில் விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்தாள். மாமா மஞ்சள் குழைத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு அக்கா என்னையும் கேட்டாள்.

“ராஜா எப்பதான்டா குடுப்பாரு?”

“ஆயுத பூசை வருதில்லக்கா, அவனுக்கு மோட்டார் வேலையே தலைக்கு மேல இருக்குதாம்” என்றேன். அவ்வளவு சரளமாக எனக்குப் பொய் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலாவது முறை போனபோது சந்திரமோகன் மாமாவின் போனில் ராலே படத்தைப் பார்த்துவிட்டார். பெரிதாக்கி நம்பரைப் படித்தார். மெதுவாக, “இந்த வண்டின்னா பேசலாங்க” என்றார்.

“ஒரு டைனமோவுக்கு முழு வண்டியா? என்னங்க நியாயம் இது?” என்று நான் எகிறினேன்.

“நான் உங்க வூட்டுக்கு வந்து கேக்கலீங்க தம்பி. நீங்கதான் நாலு தரம் வந்திருக்கீங்க” என்றார் அவர். அதுவும் உண்மைதானே.

அதற்குப் பிறகு நான்கு நாள் மாமா பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. ராலேவை வெளியே எடுப்பார், தெருக்கோடி வரை ஓட்டுவார், இறங்குவார், திரும்பத் துடைப்பார், திரும்ப ஏறுவார். சிலிண்டரைத் தப்பான வீட்டில் இறக்கினார். பூசைக்கு முந்தின நாள் மத்தியானம், அக்கா சொசைட்டியில் இருந்த நேரம், ராலேவைத் தானே தூக்கி என் வண்டியில் ஏற்றினார். கயிறு கட்டும்போது பெயிண்டில் உரசாமல் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். தருமபுரி வரைக்கும் பனியனோடுதான் வந்தார்.

திரும்பும்போது டைனமோவும் லைட்டும் அதே துண்டில் மடியில் இருந்தன. “நாலு வருஷம் மாப்ள” என்றார் ஒரு தடவை. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அழுதுவிடுவேன் போலிருந்தது.

மாட்டினோம். சக்கரத்தைச் சுற்றினோம், எரிந்தது. சாயங்காலம் அக்கா வந்தாள், பார்த்தாள், அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பூசை. என் ஆட்டோவைக் கழுவிக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தியிருந்தேன். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு தன் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டைனமோவைத் துடைத்து, அடியில் இருந்த ‘க’வை விரலால் தடவினாள்.

“வைண்டிங் நல்லா கட்டியிருக்காரா ராஜா?” என்று கேட்டாள், திரும்பாமல்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் மாமா சொல்லிவிட்டார்.

“கட்டல கலை. வைண்டிங் போவவே இல்ல. நான் கொக்கு வீலுக்கு மாத்திப்புட்டேன்.”

“தெரியும்” என்றாள் அக்கா. “மூணாம் நாளே ராஜா கடைக்குப் போனேன். அப்படி ஒண்ணு வரவே இல்லீங்களேன்னாரு. தெனமும் வந்துச்சான்னு கேட்டனே, டைனமோவையா கேட்டேன்? உங்க வாயில நெசம் வருதான்னுல்ல கேட்டேன்.”

மாமா துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ராலே எங்க? நேத்துல இருந்து காணோமே?”

“அதக் குடுத்துத்தான் இத வாங்கினேன்.”

அக்கா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். “அத ஏங்க குடுத்தீங்க? நாலு வருஷம் சோறு தண்ணி இல்லாம சேத்தீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த செல்போன் லைட்டுலயே போயிருப்பேனே!” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தனக் கையோடு முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மஞ்சளாயிற்று. மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

நான் நைசாக ஆட்டோ பக்கம் நகர்ந்தேன். இவ்வளவு நாளும் மாமாவைத் திட்டிக்கொண்டே திரிந்தவன், எனக்கென்ன என்று டயரைப் பார்ப்பது போல நின்றேன். அக்கா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்து, கடைசியில் என் வண்டிக்கும் வந்தாள். கண்ணாடியில் வைத்தாள், ஹேண்டில்பாரில் வைத்தாள்.

“அவரு சொல்ல மாட்டாரு, அது எனக்குத் தெரியும்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். “நீ சொல்லுவேன்னு நெனச்சேன் மாது.”

எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதை டயருக்கு அடியில் வைத்து வண்டியை ஏற்ற வேண்டும். வெகு நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.