மாமாவின் ஃபியட்டைக் கழற்றிய தவக்காலம்

கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் வரும். அதற்குப் பின்னால் வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை, அதற்கும் பின்னால் லேசாகப் பெட்ரோல். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் நின்ற ஃபியட் காரின் வாசனை அது. துணிப் பெட்டியில் போடுவதைப் போல அம்மா அதன் சீட்டுக்கு அடியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாள்.

வண்டி என் மாமாவுடையது. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. வில்லியனூரில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர், சவுதியில் டிரைவர் வேலை கிடைத்துப் போகும்போது வண்டியை எங்கள் வீட்டில் விட்டார். "அக்கா, பத்தரமா பாத்துக்க. வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் போன் வந்தது. பூத்துக்காரர் ஆள் அனுப்புவார், அம்மா ஈரக் கையோடு ஓடுவாள். பிறகு குறைந்தது. பிறகு நின்றுபோனது. சவுதியிலிருந்து வந்தவர்களைப் போய் விசாரித்தோம். வேறு முதலாளியிடம் போய்விட்டார் என்றார் ஒருவர். ஜெயிலில் இருக்கிறார் என்றார் இன்னொருவர். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை ஆனால் வண்டியைத் துடைப்பாள். அப்பா ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறும விடுவார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தார்ப்பாயை மூடுவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

அப்பாவும் டிரைவர்தான், ஆனால் அடுத்தவர் காருக்கு. சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று அவருக்கு வெகு நாளாக இருந்தது. ஒரு தடவை சவாரியாகப் பூரணாங்குப்பம் போனவர், அங்கே ஃபைபர் படகு செய்கிற கோவிந்தன் மேஸ்திரியின் கொட்டகையில் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். அச்சு மேல் கண்ணாடி இழைப் பாய் விரித்துப் பசை பூசி, காய்ந்ததும் உரித்து எடுத்தால் ஒரு முழுப் படகு. அதே மாதிரி ஒரு காரின் உடம்பை எடுக்க முடியாதா என்று கேட்டாராம். மேஸ்திரி சிரித்தாராம்.

"இன்னா ஆரோக்கியம், சவாரி போவவா, வல போடவா?"

"சவாரிக்குத்தான். உப்புக்காத்து இரும்பத் தின்னுடுது. இத தின்னாது இல்ல?"

"இத எதுவும் தின்னாது. ஆனா கட்டுமரத்துல இன்ஜின் வெச்ச மாதிரி எதாவது ஒரு இன்ஜின் வேணுமே உனக்கு."

இன்ஜின் எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்ஜின், கியர் பெட்டி, அச்சு, ஸ்டியரிங், சக்கரம் எல்லாம் ஒரு பழைய வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். இரும்புக் குழாயில் ஒரு சட்டம் பற்ற வைத்து அதன்மேல் மாட்ட வேண்டும். அதற்கு மேல் ஃபைபர் உடம்பைக் கவிழ்க்க வேண்டும். இதை அப்பா சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"அவன் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

"திரும்ப மாட்டிக் குடுப்பேன்."

"எல்லாத்தியுமா?"

"ஒரு போல்ட்டு கொறயாம."

அம்மா கரண்டியை எடுத்துக் குழம்பு ஊற்றி முடித்தாள். படுக்கப் போகும்போது சொன்னாள். "திரும்ப மாட்டற மாதிரி கழட்டறதுன்னா கைய வெய்யி. இல்லன்னா வாணாம்."

அது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற சமயம். சாம்பல் புதன் வந்துவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. அப்பாவுக்குச் சவாரியும் குறைவு. முதலில் கொட்டகையைத் தயார் செய்தார். அங்கே கட்டியிருந்த ஆடுகளைப் புளியமரத்துக்கு மாற்றினோம். மண்தரையில் ஜாக்கி வைத்தால் உள்ளே இறங்கியது. அதனால் செங்கல் ஜல்லி கொட்டி, திமிசால் இடித்து, மேலே சிமெண்டு போட்டார். நெருப்புப் பொறி பறக்கும் என்று ஒரு பக்கக் கீற்றைப் பிரித்துத் தகரம் போட்டார். வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய ஒரு குழி தோண்டினார். எங்கள் ஊர் ஏரியை ஒட்டினது. இடுப்பளவு தோண்டுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் அதில் தவளை இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கெணறு நல்லா வந்துகிதுப்பா. மோட்டார எப்ப எறக்கற?" என்று கேட்டார். அப்பா குழியை மூடினார். தோண்டுவதற்குப் பதிலாக உயர்த்துவது என்று, செங்கல்லில் இரண்டு குட்டைச் சுவர் கட்டி, பலகை சாய்த்து வண்டியை மேலே ஏற்றினார். இன்ஜினைத் தூக்க இரண்டு கால் நட்டு, குறுக்கே பனஞ்சட்டம் போட்டு, போர்வெல் போடுகிறவரிடம் செயின் பிளாக் கேட்டு வாங்கி வந்து தொங்கவிட்டார். மாமாவின் வண்டி உயரத்தில் தனியாக நின்றது. சப்பரம் மாதிரி இருந்தது.

இனி கழற்ற வேண்டும். திரும்ப மாட்டுகிற மாதிரி.

அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எழுதுவது கையெழுத்தோடு சரி. ஆனால் சிலுவைப் பாதையின் பதினாலு ஸ்தலமும் அவருக்கு மனப்பாடம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோவில் சுவரில் ஆண்டவர் சிலுவை சுமக்கிற படங்களை வரிசையாக மாட்டி, எல்லோரும் ஜெபம் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சுற்றி வருவது அது. அதனால் கொட்டகைச் சட்டத்தில் வரிசையாகப் பதினாலு ஆணி அடித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயிண்ட் டப்பா. முதல் ஸ்தலத்தில் பானெட்டும் பம்பரும். நாலாவதில் கதவுகள். ஆறாவதில் முன்பக்கக் கண்ணாடியும் வைப்பரும். வெரோணிக்கம்மா ஆண்டவர் முகத்தைத் துடைக்கிற ஸ்தலம் என்பதால் அதை வைத்ததில் அப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பத்தாவது ஆடை களைகிற ஸ்தலம். சீட்டு, மிதியடி, கூரைத் துணி. சிறிய சாமான் டப்பாவுக்குள், பெரிய சாமான் அந்த ஆணிக்கு நேர் கீழே தரையில். அப்பா வண்டிக்கு அடியிலிருந்து எண்ணைச் சொல்லிச் சாமானை நீட்டுவார். நான் எண்ணைத் திருப்பிச் சொல்லி வாங்கி அதன் இடத்தில் வைப்பேன். அண்ணன் தம்பி எனக்குக் கிடையாது. ஸ்பேனர் அளவெல்லாம் எனக்கு அந்த மாதத்தில் கைவந்தது.

அம்மா கொட்டகைப் பக்கம் வரவில்லை. எண்கள் மட்டும் சமையற்கட்டுக்குக் கேட்டிருக்கும். சனிக்கிழமை துடைக்கிற துணி கொடியிலேயே காய்ந்துகொண்டு கிடந்தது.

பன்னிரண்டாவது, பெட்ரோல் டாங்கியும் குழாயும். அதை எடுத்துவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது. அப்பா கீழே படுத்திருந்தார். நான் கேனில் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றேன். "பன்னெண்டு" என்றார். "பன்னெண்டு" என்றேன். சொல்லிவிட்டு முட்டி போட்டுவிட்டேன்.

கோவிலில் மற்ற ஸ்தலங்களில் ஒரு கால் மடக்கி எழுந்துவிடுவோம். பன்னிரண்டில் மட்டும் ஆண்டவர் உயிர் விடுகிறார் என்பதால் இரண்டு முட்டியும் போட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகினது. எண்ணைக் கேட்டதும் கால் தானாக மடிந்துவிட்டது. கண்ணை மூடித் தலையையும் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அம்மா மோர்ச் சொம்போடு எதிரே நின்றாள்.

"எழுந்திருடி. யாரு செத்துட்டான்னு முட்டி போட்டுகினு கீற?"

அப்பா அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். "ஞாபகத்துக்கு வெச்சதும்மா. வரிச மறக்கக் கூடாதுன்னு."

அம்மா ஆணிகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கடைசி வரைக்கும் போனாள். கடைசி டப்பா காலியாக இருந்தது.

"பதினாலு இன்னாது?"

நான்தான் "இன்ஜின்" என்றேன்.

பதினாலாவது ஸ்தலம் கல்லறையில் வைப்பது. அதுவரை அது எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றியிருக்காது.

"எந் தம்பிய கல்லறைல எறக்கறதுக்குத்தான் இத்தினி வேலையா" என்றாள் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு செங்கல் சுவரில் உட்கார்ந்தார். பிறகு, "சரி பாப்பா. திரும்ப மாட்டிடலாம்" என்றார்.

புனித வாரம் வந்துவிட்டது. பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகுதான் ஆரம்பித்தோம். அதற்குள் பூரணாங்குப்பத்திலிருந்து டிராக்டரில், அப்பா முன்பே செய்யச் சொல்லியிருந்த ஃபைபர் உடம்பு வந்து இறங்கிவிட்டது. அதைப் புளியமரத்தடியில் கவிழ்த்துப் போட்டோம். கோழிகள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் போவாள், வருவாள்.

மாட்டும்போதுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. கழற்றினதற்குத் தலைகீழாக மாட்ட வேண்டும். சிலுவைப் பாதையைத் தலைகீழாகச் சொல்லி யாருக்குப் பழக்கம்? "பதினொண்ணுக்கு முன்னாடி இன்னா?" என்று அப்பா கேட்பார். நான் ஒன்றிலிருந்து முணுமுணுத்து வருவேன். அவரும் கூடவே முணுமுணுப்பார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு முழுப் பாதை ஆனது. டாங்கி ஏறியது. ரேடியேட்டர் ஏறியது. அது ஏறின பிறகு அம்மாவே கொட்டகைக்குள் வர ஆரம்பித்தாள். வெளியே வைத்திருந்த சீட்டைத் தூசு தட்டினாள். ரெக்சின் ஓரம் கிழிந்திருந்ததை ஊசி நூல் போட்டுத் தைத்தாள்.

முன் சீட்டை அவளும் நானும்தான் தூக்கினோம். அம்மா பலகை மேல் ஏறி, வண்டிக்குள் ஒரு காலை வைத்தாள். கால் உள்ளே போய்விட்டது.

முழங்காலுக்குக் கீழே வரைக்கும் போனது. வண்டிக்கு அடியில் அவள் பாதம் தொங்குவதை நான் பார்த்தேன். அப்பா ஓடி வந்து சீட்டை வாங்கினார். அம்மா அப்படியே குனிந்து, கால் போன இடத்தைக் கையால் விலக்கிப் பார்த்தாள். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்த தகரம். அதற்குக் கீழே வண்டியின் தளம். விரல் பட்ட இடமெல்லாம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"எப்பத்துலேந்து?"

"ரெண்டு மழைக்கி முன்னாடி பாத்தேன்."

"தகரம் நீ போட்டதா?"

"ஆமா."

"இதுல அவன் எப்டி ஓட்டுவான்?"

"ஓட்ட முடியாது. இந்த வண்டிக்கு அடியில தனியா சட்டம் கெடையாது. தளந்தான் எல்லாத்தியும் தாங்குது. தளம் போனா போச்சி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா, சனிக்கெழமன்னா நீ இன்னா பண்ணுவ?"

அம்மா காலை மெதுவாக வெளியே எடுத்தாள். கெண்டைக்காலில் ரத்தம் கோடு கோடாக வந்தது. நான் தண்ணீர் எடுத்து வந்தேன். அவளே கழுவிக்கொண்டாள். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்ஜின் நல்லாகீது. அதுவாவது பொழைக்கட்டும்னுதான்" என்றார். அம்மா ஈரத் துணியைக் காலில் கட்டி முடிச்சுப் போட்டாள்.

"எடு" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார்.

"நம்பரு கிம்பரு சொல்லாத. இன்ஜின்னு சொல்லி எடு."

மாட்டினதை மறுபடி கழற்றினோம். இந்தத் தடவை டப்பாவும் இல்லை, எண்ணும் இல்லை. கடைசியில் அப்பா செயின் மாட்டினார். நானும் அம்மாவும் இழுத்தோம். பல் பல்லாகச் சத்தம் போட்டுக்கொண்டு இன்ஜின் மேலே வந்தது. எண்ணெய் சொட்டியது. கொஞ்சம் ஆடியது. அம்மா சங்கிலியை விட்டுவிட்டுக் கிட்டே போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள், பால் கறக்கும்போது உதைக்கிற மாட்டை நிறுத்துவதைப் போல. ஆட்டம் நின்றது. அப்பா இறக்குகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

அந்த வருஷத்து மழைக்கு முன்னாலேயே புது வண்டி ஓடிற்று. ஏம்பலம் ரோட்டில் போனால் சனங்கள் நின்று பார்ப்பார்கள். "போட்டு காரு" என்று பேர். தண்ணியில் போகுமா என்று கேட்காத ஆள் கிடையாது. முதல் சில மாதம் அம்மா ஏறவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி இல்லாமல் ஏறினாள். அதற்குப் பிறகு சாதாரணமாகிவிட்டது. தளம் உதிர்ந்த கூட்டைப் பழைய இரும்புக்காரன் தூக்கிப் போனபோது அவள் வீட்டில் இல்லை.

இப்போது அப்பா இல்லை. மாமாவைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் நான் வீடு கட்டிவிட்டேன். ஏரிக்கரை வரைக்கும் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். இன்ஜின் அப்பா இருக்கும்போதே ஓய்ந்துவிட்டது. கோவிந்தன் மேஸ்திரியின் ஃபைபர் உடம்பை எதுவும் தின்னவில்லைதான், ஆனால் ஒரு புயலில் தென்னை விழுந்து இரண்டாகப் பிளந்தது. என் பிள்ளை வண்டியைச் சர்வீசுக்கு விடுகிறான், கழுவித் துடைத்துத் தருகிறார்கள். வீட்டில் வண்டி துடைக்கிற துணி என்று ஒன்று கிடையாது.

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவை நான்தான் கூட்டிப் போகிறேன். போன தடவை வாசலில் மெழுகுவத்தி வாங்கும்போது ஒன்று கூடுதலாக வாங்கினேன். அம்மா தாத்தாவுக்கு ஏற்றினாள். அப்பாவுக்கு ஏற்றினாள், காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினாள். என் கையில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள்.

"இது யாருக்குடி?"

சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம். அம்மா கை நீட்டி அந்த மெழுகுவத்தியை வாங்கி, முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள்.

"வூட்ல கரண்டு போனா ஆவும்" என்றாள்.