மூன்றாவது பாட்டில் செல்வாவின் அம்மா

எங்கள் ஊர் சிலமலையைச் சேர்ந்த செல்வாவுடைய ராக் பேண்டின் முதல் ஆல்பத்தைச் சென்னையில் ஒரு சின்ன இசை நிறுவனம் இன்று வெளியிட்டுவிட்டது. விடிவதற்குள் நான்கு முறை கேட்டுவிட்டேன்.

ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் ஜீப்பில் அவன் அம்மாவுக்கே போட்டுக் காட்டினேன்.

"என்னப்பு, மிக்சிக்குள்ள கரண்டி விழுந்த மாதிரி இருக்கு" என்றார். ஜீப்பே சிரித்தது.

மூன்றாவது பாட்டில், கித்தார் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். "சாப்டியாப்பு? ஒரு வார்த்த பேசுய்யா."

"இது நான்தானப்பு. வாட்ஸப்புல அவனுக்கு அனுப்புனது. ஒரு வருசமா ஒண்ணுக்கும் பதில் போடலயே."

பாட்டு முழுக்க அவர் குரல்தான்.

"அப்ப எல்லாத்தையும் கேட்டுருக்கான்" என்றார். போடிமெட்டு வரை அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

செல்வாவைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், ஆல்பம் பிரமாதம் என்று அவனிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் அம்மாவுடைய போனை எடுக்கச் சொல்லுங்கள்.