ஜன்னலோரம் எடுத்த வாட்ச் படங்கள்

1991 தொடக்கத்தில் என் அக்கா வீட்டுக்காரரிடம் விற்பதற்குச் சில கைக்கடிகாரங்கள் இருந்தன. மாமா குவைத்தில் வாட்ச் கடையில் வேலை பார்த்தவர். அங்கே சண்டை மூண்டதும், உடுத்திய துணியோடும் ஒரு கைக்குட்டை முடிச்சோடும் தண்டலத்துக்குத் திரும்பி வந்தார். முடிச்சுக்குள் இருந்தவைதான் அந்த வாட்சுகள். எப்படி வந்து சேர்ந்தார் என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பகலெல்லாம் கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் அவர்கள் வீட்டில் தங்கி, பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு நாட்களில் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பேன். தொழிற்சாலையில் எங்கள் லைனில் ஃபாரின் வாட்சுக்கு ஆசைப்படாதவர்களே கிடையாது. ஆனால் தொழிற்சாலை கேட்டில் பையைச் சோதிப்பார்கள், வாட்சுகளை உள்ளே கொண்டுபோக முடியாது. படம் எடுத்து கேன்டீனில் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன்.

முதல் ரோல் வீணாய்ப் போனது. கல்யாண வீட்டுப் பழக்கத்தில் ஃபிளாஷ் போட்டுவிட்டேன். பிரிண்டில் ஒவ்வொரு டயலிலும் வெள்ளையாக ஒரு திட்டு. ஒன்றில் கண்ணாடிக்குள் என் மூஞ்சியே தெரிந்தது. மாமா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கவரில் போட்டு என்னிடமே நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

அடுத்த லீவு நாள் காலையில் ஃபிளாஷைக் கழற்றி வைத்தேன். ஜன்னலில் மாமாவின் வெள்ளை வேட்டியைக் கட்டி வெயிலை மட்டுப்படுத்தினேன். கறுப்பு அட்டையில் ஓட்டை போட்டு, லென்ஸ் மட்டும் வெளியே தெரியும்படி கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். கண்ணாடியில் இனி என் மூஞ்சி விழாது. ஆனால் வாட்ச் நிற்கவில்லை, சாய்ந்து சாய்ந்து விழுந்தது.

மாமா எழுந்து வந்தார். செய்தித்தாளை மணிக்கட்டு பருமனுக்குச் சுருட்டி, அதில் வாட்சைக் கட்டி நிறுத்தினார். கண்ணாடியில் விரல் படாமல் துணியால் துடைத்தார். பக்கவாட்டில் இருந்த சாவித் திருகை வெளியே இழுத்ததும் விநாடி முள் நின்றது.

"முள்ள பத்து பத்துல வைக்கணும்டா. அப்பதான் கம்பெனி பேரு மறையாது. சிரிச்சா மாதிரியும் கீது பாரு."

"கடைல இப்டிதான் வெப்பீங்களா மாமா?"

"ஷோகேஸ்ல எல்லாமே பத்து பத்துதான்." அடுத்த வாட்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மொதலாளி இதத்தான் துணில சுத்திக் குடுத்தாரு. சம்பளத்துக்குப் பதிலா வெச்சிக்கோ, நீ கெளம்புன்னாரு. லாரில பாலைவனம் தாண்டுனோம். என் பக்கத்துல ஒரு கைக்கொழந்த. தண்ணி இல்லாம அழக்கூட தெம்பில்ல அதுக்கு."

நான் பட்டனை அழுத்தவில்லை. சமையற்கட்டு வாசலில் அக்கா ஈரக்கையோடு நின்றிருந்தாள்.

"இதெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துக்குவியேன்னுதான்."

"இத்தினி நாளா பயந்துகினுதானே கீறேன்! நீ ஒண்ணும் பேசாம குந்திகினு இருந்தா எனக்கு இன்னான்னு தெரியும்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். பாலைவனம் தாண்டியதும் முகாமில் தண்ணீர் கிடைத்தது, பிழைத்துக்கொண்டது என்றார். அதன்பிறகு அவள் ஒன்றொன்றாகக் கேட்க, அவர் சொல்லிக்கொண்டே வாட்சுகளை எடுத்துக் கொடுத்தார். நான் மெதுவாகப் படம் எடுத்தேன். சோறு ஆக மத்தியானம் தாண்டிவிட்டது.

இந்த முறை படங்கள் பளிச்சென்று வந்தன. கேன்டீனில் கை மாறி மாறி அழுக்காகும் அளவுக்குப் பார்த்தார்கள். வாங்க வந்தவர்களை மாமாவே உட்காரவைத்துப் பேசினார். பட்டை பெரிதாக இருந்தால் அங்கேயே ஓட்டை போட்டுச் சரிசெய்து கொடுத்தார். வாட்சுகள் தீர்ந்த பிறகும், ஓடாத வாட்சைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். வெயில் காலம் முடிவதற்குள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மேஜை போட்டார்.

ரோட்டில் லாரி வேகமாகப் போனால், பாலைவன நினைப்பில் மாமாவின் பேச்சு பாதியில் நின்றுபோகும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா, "இன்னா சொல்லிகினு இருந்த?" என்று கேட்பாள். அவர் யோசித்து, விட்ட இடத்திலிருந்து தொடருவார்.