ஏர்கோன் வகுப்புக்கு ஒரு பாடத்திட்டம்

சமூகக் கல்லூரி விரிவுரையாளர்களுக்குப் பட்டறை நடத்துவது என் தொழில். அன்று மலேசியாவின் கிள்ளான் நகரில் பட்டறை தொடங்குமுன் ஏற்பாட்டாளர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஏர்கோன் கோர்ஸ மூடப் போறாங்க. குணா சார்கிட்ட இப்போ சொல்லாதீங்க, அவருக்கு மூட் போயிரும் லா."

தலையாட்டினேன்.

முன்வரிசையில் உட்கார்ந்தவர் குணா சார்தான். இருபது வயதுப் பையன்களுக்கு ஏர்கோன், அதாவது ஏசி, பழுதுபார்க்கக் கற்றுத்தருபவர். தேநீர் இடைவேளையிலேயே பாடத்திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

"மிஸ், அடுத்த செமஸ்டர்ல இப்படிச் செய்யலாமா?"

"சூப்பர் சார். இன்னும் கொஞ்சம் விரிவா எழுதுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. மனிதர் சாப்பிடக்கூடப் போகாமல் எழுதினார். மாலையில் அதையே சிறந்த பாடத்திட்டம் என்று அறிவித்து, எல்லாரையும் கைதட்ட வைத்து, அவரோடு படமும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் போன் செய்தார்.

"கோர்ஸ மூடிட்டாங்க மிஸ். உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

"தெரியாது சார்."

"அதானே. தெரிஞ்சிருந்தா என்னை அப்படி எழுத விட்டிருக்க மாட்டீங்க."

அந்தப் படம்தான் இன்றும் என் பட்டறை விளம்பரத்தில் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமான முகம் வேறெந்தப் படத்திலும் கிடைக்கவில்லை.