கூட்டல் குறிக்குள் இருந்த பதில்கள்

கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்த கண்ணையா, 1998இல் எங்கள் பிரௌசிங் சென்டருக்கு வாரந்தோறும் வருவார். கருப்புத் திரையில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால், விவசாயிகள் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொள்ளும் இணையச் செய்திக்குழுவில் அவர் படிக்காத கடிதங்கள் ஒவ்வொன்றாக வரும். தன் காய்களில் சொறி விழுவதைப் பற்றி அதில் கேட்டிருந்தார்.

நான் அந்தக் கருப்புத் திரை மென்பொருளை எடுத்துவிட்டு, மவுஸில் இயங்கும் வண்ணமயமான புதியதைப் போட்டேன்.

“ஏனுங்க தம்பி, பழசு எங்கீங்க?”

“இதுதானுங்கண்ணா லேட்டஸ்ட்டு.”

“கொம்புக்குப் பெயிண்டு அடிச்சா பால் கூடுங்களா?” என்று சிரித்தார்.

மூன்று வாரம் பார்த்தார். பதில் இல்லையென்று வருவதையே நிறுத்திவிட்டார்.

பிறகொரு நாள், அவர் கேள்விக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கூட்டல் குறியை அழுத்தினேன். புதிய மென்பொருள் பதில்களை அதற்குள் மடித்து வைத்திருந்தது; உள்ளே நான்கு பதில்கள் இருந்தன. அச்செடுத்துக்கொண்டு அவர் தோப்புக்கு ஓடினேன். சொறிக்கு வழியில்லையென்று பாதித் தோப்பை வெட்டியிருந்தார். நின்றபடியே நான்கையும் படித்தார்.

“மருந்து சொல்லியிருக்காங்களே கண்ணு,” என்றார்.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.